புள்ளிகளும் கோடுகளும்: தொடர்பு வலைப்படங்களின் வரலாறு

தொடர்பு வலைப்படம் என்பது, ஒரு கூட்டத்தில் யார் யாரோடு தொடர்பு வைத்திருக்கிறார்கள் என்பதைப் புள்ளிகளாலும் கோடுகளாலும் காட்டும் படமாகும். ஆள் ஒரு புள்ளி. இரண்டு ஆட்களுக்கு இடையிலான பேச்சோ கடிதமோ தொலைபேசி அழைப்போ மின்னஞ்சலோ ஒரு கோடு. புள்ளி ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தொலைபேசி நிலையமாகவோ கணினியாகவோ இருக்கலாம்.

இத்தகைய படம் ஏன் தேவைப்பட்டது என்பதை ஒரு சிறு கணக்கு விளக்கிவிடும். 10 பேர் உள்ள குழுவில் இருவர் இருவராகச் சேர்த்தால் 45 இணைகள் கிடைக்கும். 50 பேர் என்றால் 1,225. 500 பேர் என்றால் 1,24,750. ஆட்கள் 50 மடங்கு கூடினால் இணைகள் 2,770 மடங்குக்கு மேல் கூடிவிடுகின்றன. இவ்வளவையும் பெயர்ப் பட்டியலாக எழுதி வைத்தால் படிப்பவருக்கு ஒன்றும் பிடிபடாது. படமாக வரைந்தால் எங்கே கூட்டம் சேர்ந்திருக்கிறது, யார் தனித்து நிற்கிறார், இரண்டு கூட்டங்களை இணைப்பவர் யார் என்பவை கண்ணில் படுகின்றன.

அதே சமயம், வரைந்தவர் கேட்ட கேள்விக்கு மட்டுமே படம் விடை சொல்லும். கேட்காத கேள்விக்கு அதில் கோடு இருக்காது. இந்தத் துறை முளைத்த இடத்திலேயே இதற்குச் சான்று இருக்கிறது.

ஹட்சன் பள்ளியிலிருந்து ஓடிய 14 சிறுமிகள்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் என்ற ஊரில், சிறுமியருக்கான அரசுப் பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது. பெயரில்தான் பள்ளி, உண்மையில் அது நீதிமன்றங்கள் அனுப்பி வைத்த சிறுமிகளை அடைத்து வைக்கும் சீர்திருத்த இல்லம். சுமார் 500 சிறுமிகள் தனித்தனிக் குடில்களில் வசித்தனர். 1932ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், இரண்டே வாரங்களில் 14 சிறுமிகள் அங்கிருந்து தப்பி ஓடினர். வழக்கமாக நடப்பதைப் போல 30 மடங்கு இது.

அப்போது அங்கே ஆய்வு செய்துகொண்டிருந்தவர் ஜேக்கப் லெவி மொரேனோ என்னும் மனநல மருத்துவர். 1889இல் ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் பிறந்து, வியன்னாவில் மருத்துவம் படித்து, 1925இல் அமெரிக்காவில் குடியேறியவர். முதல் உலகப் போரின்போது ஆஸ்திரியாவில் ஓர் அகதி முகாமில் மருத்துவராக இருந்தார். யாரை யாரோடு குடியமர்த்துகிறோம் என்பதைப் பொறுத்து மக்களின் நலமும் சச்சரவும் மாறுகின்றன என்ற எண்ணம் அந்த முகாமிலேயே அவருக்கு ஏற்பட்டது.

ஓடிப்போன பிள்ளை என்றால் அந்தப் பிள்ளையின் குணத்தில்தான் குறை என்று நினைப்பது வழக்கம். மொரேனோ அப்படித் தொடங்கவில்லை. அவரும் உடன் பணியாற்றிய ஹெலன் ஹால் ஜென்னிங்ஸும், எந்தச் சிறுமி எவரோடு ஒரே குடிலில் வசிக்க விரும்புகிறாள், எவரோடு வசிக்க விரும்பவில்லை என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பதிவு செய்தனர். பிறகு வரைந்தனர். விருப்பத்துக்குச் சிவப்புக் கோடு, வெறுப்புக்குக் கறுப்புக் கோடு. இந்தப் படத்துக்குச் ‘சோசியோகிராம்’ என்று பெயர் வைத்தார் மொரேனோ.

ஓடிப்போனவர்களுக்காக அவர் வரைந்த படம் இன்றும் பாடநூல்களில் எடுத்துக்காட்டப்படுகிறது. அதில் நான்கு பெரிய வட்டங்கள் உள்ளன. அவை சி12, சி10, சி5, சி3 என்ற நான்கு குடில்கள். வட்டங்களுக்குள் சிறுமிகள் சிறு வட்டங்களாகவும், ஓடிப்போன 14 பேர் பெயரின் முதலெழுத்துகளாலும் குறிக்கப்பட்டுள்ளனர். குடிலுக்குக் குடில் கோடுகள் சங்கிலிபோல் ஓடுகின்றன. ஒருத்தி ஓடினால் அந்தச் செய்தியும் துணிவும் எந்த வழியாக அடுத்தவளைச் சென்று சேர்ந்திருக்கும் என்பதை அந்தக் கோடுகள் காட்டுவதாக மொரேனோ விளக்கினார். தாம் அந்த வலையில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பது அந்தச் சிறுமிகளுக்கே தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் யார் ஓடுவார், எப்போது ஓடுவார் என்பதை அந்த இடமே பெரிதும் தீர்மானித்தது என்பது அவர் முடிவு. சிறுமிகளின் விருப்பத்தைப் பார்த்துக் குடில்களில் மாற்றி அமர்த்திய பிறகு, ஓட்டம் குறைந்துவிட்டதாகவும் அவர் எழுதினார். இவையெல்லாம் 1934இல் வெளியான ‘ஹூ ஷல் சர்வைவ்?’ என்ற அவருடைய நூலில் உள்ளன.

இது மிகப் பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. குற்றத்தை ஒரு பிள்ளையின் தலையில் கட்டாமல், அவள் நிற்கும் இடத்தைப் பார்க்கச் சொன்ன முதல் சில ஆய்வுகளில் இதுவும் ஒன்று. ஆனால் படத்தில் என்ன இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற ஜாஸ் பாடகி எலா ஃபிட்ஸ்ஜெரால்டு, 1933இல் இதே பள்ளிக்கு அனுப்பப்பட்ட சிறுமிகளில் ஒருவர். அவர் 1996இல் மறைந்தபோது ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழ் அந்தப் பள்ளியின் பழைய நிலையைத் தோண்டி எடுத்து வெளியிட்டது. கறுப்பினச் சிறுமிகள் மிக மோசமான இரண்டு குடில்களில் நெருக்கி அடைக்கப்பட்டிருந்தனர், பணியாளர்கள் அவர்களை அடிப்பது வழக்கமாக இருந்தது என்று அந்தச் செய்தி கூறியது. மொரேனோவின் படம் சிறுமியையும் சிறுமியையும் இணைத்தது. அடித்த கைக்கு அதில் புள்ளியும் இல்லை, கோடும் இல்லை. ஓட்டம் எந்த வழியில் பரவியது என்று அது சொன்னது. எதிலிருந்து தப்ப ஓடினார்கள் என்று சொல்லவில்லை. அந்தக் கேள்வி கேட்கப்படவில்லை.

வகுப்பறை வலைப்படம்

1933 ஏப்ரல் 3ஆம் தேதி ‘நியூயார்க் டைம்ஸ்’, மொரேனோவின் படங்களை ‘உணர்ச்சிகளின் புதிய புவியியல்’ என்ற பொருள்படும் தலைப்பில் அறிமுகம் செய்தது. ஹட்சனோடு, ஒரு தொடக்கப் பள்ளியின் வகுப்புகளையும் மொரேனோ வரைந்திருந்தார். யார் பக்கத்தில் உட்கார விரும்புகிறாய் என்பதே கேள்வி. நான்காம் வகுப்புப் படத்தில் பையன்கள் முக்கோணம், பெண் பிள்ளைகள் வட்டம். முக்கோணங்கள் ஒரு பக்கம், வட்டங்கள் மறுபக்கம் என்று படம் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு கோடு: ஒரு பையன் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லியிருந்தான். அவள் அவன் பெயரைச் சொல்லவில்லை.

வகுப்பில் யாருக்கு அதிக நண்பர்கள், யார் தனித்திருக்கிறார் என்று ஆசிரியர்களிடமும் ஊகிக்கச் சொன்னார் மொரேனோ. மேல் வகுப்புகளுக்குப் போகப் போக ஆசிரியர்களின் ஊகம் அதிகம் பிசகியது. நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கே வலை தெரிவதில்லை என்பது வகுப்பெடுத்த யாருக்கும் வியப்பாக இருக்காது. பிள்ளைகள் வளர வளர, தம் நட்புகளை ஆசிரியரின் கண்ணில் படாமல் வைத்துக்கொள்ளக் கற்றுக்கொள்கிறார்கள்.

படமா, அட்டவணையா?

இந்தப் படங்களுக்கு எதிர்ப்பும் கிளம்பியது. ஆட்கள் கூடக் கூடப் படம் சிக்கெடுக்காத நூல்கண்டு போல் ஆகிவிடுகிறது. ஒரே தரவை இருவர் வரைந்தால் இரண்டு விதமாக வருகிறது. எனவே 1946இல் எலேன் ஃபோர்சித், லியோ காட்ஸ் ஆகிய இருவரும் படத்துக்குப் பதில் அணி முறையைப் பரிந்துரைத்தனர். வரிசையிலும் நிரலிலும் அதே பெயர்களை எழுதி, சந்திக்கும் கட்டத்தில் விருப்பத்துக்கு ஒரு குறி, வெறுப்புக்கு ஒரு குறி இடுவது இம்முறை. பள்ளிக் கணிதத்தில் அணிகளைப் படித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மொரேனோவுக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் பின்னாளில் கணினியில் வலைகளைக் கணக்கிட அணிதான் கைகொடுத்தது.

ஃபோர்சித்தும் காட்ஸும் எழுப்பிய ஐயம் நியாயமானது என்பது அரை நூற்றாண்டு கழித்துத் தெளிவாயிற்று. 1997இல் மெக்ராத், பிளைத், கிராக்ஹார்ட் ஆகியோர், ஒரே வலையைப் பல விதமாக அடுக்கி மாணவர்களிடம் காட்டினர். புள்ளிகளும் அவையே, கோடுகளும் அவையே. ஆனாலும் முக்கியமானவர் யார், இரு குழுக்களை இணைப்பவர் யார் என்ற கேள்விகளுக்கு, புள்ளி தாளில் எங்கே இருந்தது என்பதைப் பொறுத்து விடைகள் மாறின. நடுவில் வரைந்துவிட்டால் நடுநாயகமாகத் தெரிகிறார்.

இந்த மயக்கத்தைத் தவிர்க்க இரண்டு வழிகள் பிறந்தன. ஒன்று, வரைபவரின் கைக்குப் பதில் ஒரு விதியை வைப்பது. 1984இல் பீட்டர் ஈட்ஸ் சொன்ன முறைப்படி, கோடுகளைச் சுருள்வில்களாகவும், புள்ளிகளை ஒன்றையொன்று தள்ளும் பொருள்களாகவும் கணினி எண்ணிக்கொள்கிறது. தள்ளலும் இழுப்பும் சமமாகும் இடத்தில் ஒவ்வொரு புள்ளியும் நின்றுவிடும். இன்று நாம் காணும் வலைப்படங்களில் பெரும்பாலானவை இந்த முறையின் வழிவந்தவை. மற்றொன்று, கண்ணை நம்பாமல் எண்ணிப் பார்ப்பது. லிண்டன் ஃப்ரீமன் 1979இல் மையத்தன்மையை மூன்றாகப் பிரித்தார்: எத்தனை பேரோடு நேரடித் தொடர்பு, மற்றவர்களை எவ்வளவு சீக்கிரம் சென்றடையலாம், மற்றவர்களின் வழியில் எத்தனை முறை குறுக்கே நிற்கிறார். மூன்றாவதுதான் சுவையானது. இரண்டே பேரோடு பேசுகிற ஒருவர், அந்த இருவரும் இரு வேறு கூட்டங்களைச் சேர்ந்தவர்கள் என்றால், நூறு பேரோடு பேசுகிறவரைவிட முக்கியமானவராகலாம்.

ஐந்து பேர், ஒரு வட்ட மேசை

மொரேனோ இருக்கிற வலையை வரைந்தார். வலையை முதலில் வரைந்துகொண்டு, அதில் ஆட்களை உட்கார வைத்துப் பார்த்தவர்கள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த அலெக்ஸ் பாவெலாஸும் அவர் மாணவர் ஹரால்டு லெவிட்டும். லெவிட்டின் ஆய்வு 1951இல் வெளியானது.

ஐந்து மாணவர்கள் ஒரு வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்தனர். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாதபடி நடுவே தடுப்புகள். தடுப்பில் உள்ள துளை வழியாகச் சீட்டு எழுதி அனுப்பலாம், பேசக் கூடாது. ஒவ்வொருவரிடமும் ஓர் அட்டை. அதில் வட்டம், சதுரம், முக்கோணம் முதலான ஆறு குறிகளில் ஐந்து இருக்கும். ஐவரிடமும் பொதுவாக உள்ள ஒரே குறி எது என்பதை எல்லோரும் கண்டறிய வேண்டும். எந்தத் துளை திறந்திருக்கிறது, எது அடைத்திருக்கிறது என்பதை மாற்றி மாற்றி நான்கு வலைகளை அமைத்தார் லெவிட்: வட்டம், சங்கிலி, ஒய் எழுத்து வடிவம், சக்கரம். வட்டத்தில் 5 கோடுகள். மற்ற மூன்றிலும் 4. சக்கரத்தில் நால்வரும் நடுவில் உள்ள ஒருவரோடு மட்டுமே தொடர்பு கொள்ளலாம். மாணவர்கள் இவற்றை ஒரு தாளில் வரைந்துகொண்டு மேலே படிப்பது நல்லது.

எந்த வலையானாலும் 8 சீட்டுகளில் வேலையை முடித்துவிடலாம். நான்கு பேரின் தகவல் ஓரிடத்துக்கு வர 4, விடை திரும்பிப் போக 4. சக்கரத்தில் அமர்ந்தவர்கள் இதைச் சீக்கிரமே கண்டுகொண்டனர். விளிம்பில் உள்ளவர் அனுப்புவார், நடுவில் உள்ளவர் விடை கண்டு திருப்பி அனுப்புவார். உங்கள் குழுவுக்குத் தலைவர் இருந்தாரா என்று பின்னர் கேட்டபோது, சக்கரத்தில் ஏறக்குறைய அனைவரும் நடுவில் இருந்தவரைக் காட்டினர். அவரை யாரும் தலைவராக நியமிக்கவில்லை. திறமை பார்த்தும் உட்கார வைக்கவில்லை. இருக்கை அவரைத் தலைவராக்கியது. வட்டத்தில் அமர்ந்தவர்களோ அதிகச் சீட்டுகள் அனுப்பினர், அதிகத் தவறுகள் செய்தனர், நிலையான ஒழுங்குக்கும் வரவில்லை. ஆனால் வேலை பிடித்திருந்தது என்று சொன்னவர்கள் அவர்கள்தாம். சக்கரத்தின் விளிம்பில் இருந்தவர்களுக்குச் சலிப்பே மிஞ்சியது.

இத்தோடு நிறுத்தினால் அலுவலகம் நடத்துபவர்கள் சக்கரமே மேல் என்று முடிவு கட்டிவிடுவார்கள். பலர் கட்டவும் செய்தார்கள். ஆனால் அதே ஆய்வகத்தில் இன்னொரு சோதனையும் நடந்தது. அதன் முடிவுகளை மேசி, கிறிஸ்டி, லூஸ் ஆகியோர் 1953இல் வெளியிட்டனர். குறிகளுக்குப் பதிலாகக் கோலிக் குண்டுகள். முதலில் தெளிவான நிறமுள்ளவை. எல்லா வலைகளும் சமாளித்தன. பிறகு, என்ன நிறம் என்று சொல்லவே குழம்பும் கலங்கல் குண்டுகளைக் கொடுத்தனர். ஒருவர் பச்சை என்று எழுதுவதை மற்றொருவர் நீலம் என்று எழுதுவார். வட்டத்தில் இருந்தவர்கள் தங்களுக்குள் எழுதி எழுதி, குண்டுகளுக்குப் பொதுப் பெயர்களை உண்டாக்கிக்கொண்டு தவறுகளைக் குறைத்தனர். சக்கரத்தில் தவறுகள் தொடர்ந்தன. எல்லாம் ஒருவர் வழியாகவே போகும்போது, சொல்லின் பொருளில் ஏற்பட்ட குழப்பத்தை மற்றவர்கள் தமக்குள் பேசித் தீர்க்க வழியில்லை.

பாரனின் மூன்று படங்கள்

அடுத்த பத்தாண்டில் இதே வடிவங்கள் முற்றிலும் வேறு கவலையால் வரையப்பட்டன. ராண்டு நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர் பால் பாரன், அணுகுண்டுத் தாக்குதலுக்குப் பிறகும் செய்தித் தொடர்பு பிழைத்திருக்குமா என்று ஆராய்ந்தார். 1964இல் வெளியான அவர் அறிக்கையில் மூன்று படங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. மூன்றிலும் புள்ளிகள் அதே இடங்களில் உள்ளன. கோடுகள் மட்டும் வேறு. முதலாவதில் எல்லாம் ஒரே மையத்தில் சேர்கின்றன. இரண்டாவதில் பல சிறு மையங்கள். மூன்றாவது மீன்வலை போன்றது. மையமே இல்லை, ஒவ்வொரு புள்ளியும் அண்டைப் புள்ளிகளோடு மட்டும் இணைந்திருக்கும்.

முதல் படம் லெவிட்டின் சக்கரமேதான். நடுவில் இருப்பவருக்கு மகிழ்ச்சி, மற்றவருக்குச் சலிப்பு என்று லெவிட் கண்ட இடத்தில், நடுவில் ஒரு குண்டு விழுந்தால் அனைத்தும் போயிற்று என்று பாரன் கண்டார். புள்ளிகளைக் கணினியில் ஒவ்வொன்றாக அழித்துப் பார்த்தபோது, மீன்வலையில் ஒவ்வொரு நிலையத்துக்கும் மூன்று நான்கு இணைப்புகள் இருந்தாலே வலை பெருமளவு பிழைத்துக்கொள்ளும் என்று தெரிந்தது. செய்தியைச் சிறு துண்டுகளாக்கி, எந்த வழி திறந்திருக்கிறதோ அந்த வழியில் அனுப்பலாம் என்றார். அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏ.டி. அண்டு டி. இதை ஏற்கவில்லை. இங்கிலாந்தில் டொனால்டு டேவிஸ் இதே எண்ணத்துக்குத் தனியாக வந்து சேர்ந்தார்.

அணுகுண்டுக்கு அஞ்சி இணையத்தைக் கட்டினார்கள் என்று அடிக்கடி எழுதப்படுகிறது. அது சரியன்று. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட், தொலைவில் உள்ள கணினிகளை ஆய்வாளர்கள் பகிர்ந்து பயன்படுத்துவதற்காகக் கட்டப்பட்டது. 1969 டிசம்பரில் அதன் வலைப்படத்தில் இருந்தவை நான்கே புள்ளிகள்: கலிபோர்னியாவில் மூன்று, யூட்டாவில் ஒன்று. ஒரு குழந்தைகூட அதை நினைவிலிருந்து வரைந்துவிடும்.

என்ரான் மின்னஞ்சல்கள்

கணினி வந்த பிறகு யாரிடமும் கேட்காமலேயே வலையை வரைய முடிந்தது. ஒவ்வொரு மின்னஞ்சலிலும் அனுப்பியவர், பெறுபவர், நேரம் மூன்றும் உள்ளன. கோடு போட அது போதும். ஆனால் எந்த நிறுவனமும் தன் அஞ்சல்களை வெளியாருக்குக் கொடுக்காது. விதிவிலக்காக அமைந்தது என்ரான். கணக்கு மோசடி வெளிப்பட்டு 2001 டிசம்பரில் திவாலான இந்த அமெரிக்க எரிசக்தி நிறுவனத்தின் மின்னஞ்சல்களை, விசாரணை நடத்திய மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2003இல் பொதுவெளியில் வைத்தது. ஆய்வாளர்கள் சீர்செய்து வைத்துள்ள தொகுப்பில் சுமார் 150 பேரின் ஏறத்தாழ 5 லட்சம் அஞ்சல்கள் உள்ளன.

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஜனா டீஸ்னர், டெரில் ஃப்ராண்ட்ஸ், கேத்லீன் கார்லி ஆகியோர், அமைதியான காலத்து வலையையும் நெருக்கடிக் கால வலையையும் ஒப்பிட்டனர். நெருக்கடியில் வலை அடர்த்தியானது. பதவி வரிசையைத் தாண்டிப் பலதரப்பட்டவர்களும் ஒருவரோடு ஒருவர் தொடர்பு கொண்டனர். அதே வேளையில் உயர் அதிகாரிகள் தமக்குள் இறுகிய ஒரு கூட்டமாகி, மற்றவர்களோடு இடையாட்கள் வழியாகவே தொடர்பு கொண்டனர். எந்த அஞ்சலிலும் எழுதப்படாத இந்தச் செய்தியைக் கோடுகள் தந்தன.

ஆனால் இங்கும் இல்லாத கோடுகளைப் பார்க்க வேண்டும். மோசடியின் நடுவில் இருந்த நிதித் தலைவர் ஆண்ட்ரூ ஃபாஸ்டோவின் அஞ்சல் பெட்டி அந்த 150இல் இல்லை. நிறுவனத் தலைவர் கென்னத் லேயின் அஞ்சல்களைப் பெரும்பாலும் அவருடைய அலுவலக உதவியாளரே கவனித்துக்கொண்டார்; படத்தில் தலைவரின் இடத்தில் உதவியாளரின் புள்ளி பருத்து நிற்கும். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசியதற்கு எந்தக் கோடும் கிடையாது. மறுபுறம், மோசடியோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத ஊழியர்களின் குடும்பச் செய்திகளும் மருத்துவச் செய்திகளும் அடையாள எண்களும் உலகம் படிக்கும்படி கிடந்தன. அவர்களிடம் யாரும் ஒப்புதல் கேட்கவில்லை. ஹட்சன் சிறுமிகளுக்காவது பெயரின் முதலெழுத்து என்ற திரை இருந்தது.

பாதிக்கப்பட்ட ஊழியர்கள் சிலர் வேண்டிக்கொண்டதன்பேரில், தொகுப்பின் பிந்தைய பதிப்புகளிலிருந்து சில அஞ்சல்கள் நீக்கப்பட்டன. அதற்கு முன்பே தரவிறக்கப்பட்ட படிகளில் அவை அப்படியே இருக்கின்றன. எனவே என்ரான் வலையை வரையும் இருவர், எந்தப் பதிப்பை எடுத்தார்கள் என்பதைப் பொறுத்து, இன்றும் சற்றே வேறுபட்ட இரண்டு படங்களைப் பெறக்கூடும்.